ஆற்று வளைவில் ஏழாம் எண்

பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கு நலம். அங்கும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதை விடக் கேட்பதுதான் முறை என்று பிறகு தோன்றியது. நலமா?

மூன்று மாதமாக அறிக்கை அனுப்பாததற்கு மன்னிக்கவும். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். இதையும் தாளில் எழுதித் திருத்திவிட்டுத்தான் கணினியில் தட்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் என் வாக்கியம் முடிவதற்குள் எதிர்முனையில் இருப்பவருக்கு ஏதாவது அவசர வேலை வந்துவிடுகிறது.

நீங்கள் தயாரிக்கும் டைனோசர் விளையாட்டை வெளியிடுமுன் ஆடிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டிய பதினான்கு பேரில் என்னையும் சேர்த்தாய். குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. வானிலை நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டு மழைமானியைப் பார்த்து அளவு எழுதினேனே தவிர, நாளை மழை வருமா என்று ஒருநாளும் சொன்னவன் அல்ல. அதைச் சொல்ல வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பதிவேட்டின் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பெயர். பதிவாளர் தன் மனத்தில் பட்டதை அதில் எழுதலாம். முப்பத்து நான்கு ஆண்டும் நான் அதில் ஒரு கோடு மட்டுமே போட்டேன். ஆகவே கீழே உள்ளவை வெறும் அளவுகள்.

என் மிருகம் இலை தின்னும் வகை. வாய் வாத்துக்கு இருப்பது போல இருப்பதால் வாத்துவாயன் என்று பெயர் வைத்திருக்கிறேன். உணவுக்கு ஓர் எண், நீருக்கு ஓர் எண். இரண்டும் நூறில் தொடங்கி இறங்குகின்றன. எது பூஜ்யத்தைத் தொட்டாலும் மரணம். தழை தின்றால் உணவு முப்பது ஏறுகிறது, நீர் நான்கு குறைகிறது. கிழங்கில் இரண்டுமே ஆறு ஆறு ஏறுகின்றன. பழத்தில் நீர் பன்னிரண்டு, உணவு ஒன்றே ஒன்று. ஆற்றில் வாய் வைத்தால் நீர் உடனே நூறு. வயிறு நிறைந்தால் நாக்கு வறள்கிறது, நாக்கு நனைந்தால் வயிறு காய்கிறது. இது உன் யோசனையாகத்தான் இருக்கும்.

இரண்டு ஐயங்கள். மழை பெய்தபின்னும் ஆறு ஒரு விரல்கூட உயரவில்லை. அடுத்தது, ஒரு பழத்தைத் தின்னாமல் வாயில் கவ்விக்கொண்டே நடக்க முடிகிறது. தற்செயலாகக் கண்டேன். என்ன பயன் என்று தெரியவில்லை. தவறான பொத்தானை நான் அழுத்தியிருக்கவும் கூடும்.

'தாடை' என்ற பெயரில் ஒரு சோதனையாளர் ஊன் தின்னும் மிருகமாக வருகிறார். நிஜத்தில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணாம். நேற்று என்னைத் தின்றுவிட்டார். "தாங்கள் உண்டது முறையே" என்று எழுதி அனுப்பினேன். அதிலிருந்து என்னைத் தாத்தா என்று அழைக்கிறார். "ஸாரி தாத்தா, பசி கண்ண மறைச்சிடுச்சு" என்றார். நான் மறுபிறவி எடுத்துப் பழைய இடத்துக்கே நடந்து வந்துவிட்டேன்.

உன் அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது: "ஆறு நெறைய தண்ணி போனாலும் நக்கித்தான் குடிக்குது உங்க மிருகம். பால்கனில செடி வாடிக் கெடக்கு. அதுக்கு ஒரு குவளை ஊத்துனா கை கொறைஞ்சிடுமா?"

என் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். சாப்பிட்டான். செய்தித்தாளின் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் படித்தான். நீங்கள் தனித்தனியே இருக்கத் தொடங்கி எட்டு மாதம். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் அறிக்கையை அச்செடுத்து என் மேசை மேல் ஒட்டிவிட்டேன். மற்ற பதிமூன்று பேரும் "சூப்பர்", "போர்" என்று ஒரு சொல்லில் முடிக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் தழைக்கு நான்கு குறைகிறது என்று கண்டுபிடித்தவர். அது நான் யாருக்கும் சொல்லாத கணக்கு.

மழைக்குப் பின் ஆறு உயராதது எங்கள் தப்பு. பட்டியலில் சேர்த்தாயிற்று. பழத்தைக் கவ்வுவதும் மிச்சம் மீதிதான். குட்டிகளுக்கு இரை கொண்டு போவதற்காகச் செய்தோம், பிறகு குட்டிகளை எடுத்துவிட்டோம், கவ்வும் வாய் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அதையும் எடுத்துவிடுவேன்.

உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது, ஏனென்றால் இங்கே யாரும் முழுதாகக் கேட்பதில்லை. இந்த விளையாட்டில் நீர்தான் என் பொறுப்பு. சாப்பாடு காடெங்கும் சிதறிக் கிடக்கும், அதனால் பசி எல்லோரையும் ஆளுக்கொரு பக்கம் கொண்டு போய்விடும். தண்ணீர் இரண்டே இடத்தில்தான், அதனால் தாகம் திரும்ப ஒரே கரைக்குக் கூட்டி வரும். தாகம் மெதுவாக இருந்தால் யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். வேகமாக இருந்தால் கரையை விட்டு யாரும் நகர மாட்டார்கள். நடுவில் ஓர் எண் இருக்கிறது. ஒரு வருடமாக அதைத் தேடுகிறேன். இரண்டு முறை தாகத்தைக் குறைத்தும் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

தினம் அரை மணி ஆடினால் போதும் மாமா. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பிரிவுக்கான தாள்கள் அவருக்கு இந்த வாரம் வந்து சேரும். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். யார் மேலும் தப்பில்லை என்று சொன்னால் அத்தைக்குக் கோபம் வரும், ஆனாலும் அதுதான் உண்மை. இருவரும் ஓய்ந்துவிட்டோம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


பிப்ரவரி 19

நீர்ப் பிரிவின் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

தாங்கள் கேட்டபடி பிப்ரவரி 7 முதல் 18 வரையிலான அளவுகளை இணைத்துள்ளேன். நீர் குறையும் வேகத்தில் மாற்றம் இல்லை.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து ஆகிவிட்டதாக என் மகன் தெரிவித்தான். இனித் தங்களை எந்த முறையில் அழைப்பது என்று தெரியாததால் மேற்கண்டவாறு எழுதியுள்ளேன். பொருத்தமில்லையெனில் மன்னிக்கவும். சோதனையாளர் பட்டியலில் என் பெயர் தொடர்வது தங்களுக்குச் சங்கடம் தரும் என்றால் நீக்கிவிடலாம். நான் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் மனைவியின் முழங்கால் பரவாயில்லை. அன்று முழுவதும் அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தாள். தாங்கள் விட்டுச் சென்ற நீலக் குடையை எடுத்தாள், துடைத்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானிலைப் பதிவாளர்


பிப்ரவரி 21

மாமா,

யார் அந்தப் பொறுப்பாளர்? அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. வேண்டுமென்றால் அவளிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். "தாங்கள்" என்ற சொல்லைப் பார்த்ததும் அலுவலகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இனி அப்படி எழுதினால் நானும் உங்களை "ஐயா" என்று எழுதுவேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரை நீக்குவதாம்! இப்போதுதான் உங்கள் உதவி அதிகம் தேவை. ஒரு சிக்கல்.

எங்களிடம் புள்ளிவிவரம் பார்க்கும் ஒருவன் இருக்கிறான், எல்லோருமே அவனைப் புள்ளி என்றுதான் கூப்பிடுவோம். ஆட்டக்காரர்கள் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒரு வரைபடம் போட்டான். ஆட்கள் அதிகம் நிற்கும் இடம் சிவப்பாகத் தெரியும். ஆற்று வளைவில் தட்டு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், மற்ற இடமெல்லாம் வெள்ளை. கூட்டத்தில் அதைப் பார்த்துவிட்டுத் தலைவர், "தண்ணிய விட்டு ஒருத்தனும் நகர மாட்டேங்கிறான். ஒரு வருஷமா இதத்தான் சரி பண்ணிட்டு இருக்கியா?" என்றார். "ரெண்டு தடவ கொறைச்சிட்டேன் சார்" என்றேன். "கொறைச்சும் வட்டம் பெருசாத்தானே ஆகுது. பேசாம தாகத்தையே தூக்கிடு. சாப்பாடு மட்டும் இருக்கட்டும்" என்றார்.

மார்ச் 2, திங்கட்கிழமை வரை கெஞ்சி நாள் வாங்கியிருக்கிறேன். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் தாகமும் இல்லை, நானும் அங்கே எதற்கென்று தெரியவில்லை.

இன்று புள்ளி ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தான். அந்த வட்டம் முழுக்க ஒரே ஒருவராம்! ஏழாம் எண். முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். பெயர்ப்பட்டியல் வேறு பிரிவில் பூட்டி இருப்பதால் யாரென்று தெரியாது. "யாரோ வேலவெட்டி இல்லாத ஆளு, கணக்குலேர்ந்து தூக்கிடலாம்" என்றான் புள்ளி. தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகம் ஆடுபவன் நகரவில்லை என்றால் விளையாட்டில்தான் கோளாறு என்கிறார்.

நீங்களும் அந்தப் பக்கம் போவீர்கள் அல்லவா? அந்த ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏன் அங்கேயே நிற்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
அதே மருமகள்


பிப்ரவரி 23

வணக்கம்.

மேலே எப்படி விளிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் போய்விட்டது. வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏழாம் எண் நான்தான். என் திரையின் இடது மூலையில் அந்த எண் இருக்கிறது. நீ அரை மணி என்று சொல்லியிருந்ததால் மீதி நேரத்தை உன்னிடம் மறைத்தேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்று. உன் அத்தைக்குத் தெரியும். "வேலைக்குப் போறப்பக்கூட இப்படி நேரம் தவறாம போகல" என்றாள்.

நவம்பர் 12 அன்று நீ அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் முதன்முதலாகச் சேர்ந்து ஆடினோம். உனக்கு நினைவிருக்காது, நினைவிருக்க வேண்டிய காரணமும் இல்லை. ஆற்று வளைவில் எனக்கு நீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தாய். பிறகு, "இங்கயே இருங்க மாமா, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்" என்றாய். மேட்டில் பாதி ஏறியிருப்பாய். "ஒரு நிமிஷம் மாமா, அவர் கூப்பிடறார்" என்று சொன்னாய். உன் மிருகம் அப்படியே நின்று, பிறகு மறைந்துவிட்டது. அவன் வழக்கறிஞரைப் பார்த்த செய்தியை அன்றுதான் உனக்குச் சொன்னான் என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத் தெரிந்தது.

நீ எப்போது வருவாய் என்று தெரியாததால் எல்லா நேரமும் இருக்க வேண்டியதாயிற்று. நீ வந்து பார்க்கும்போது நான் அங்கே இல்லையென்றால், இவரும் போய்விட்டார் என்று நினைத்துவிடுவாயோ என்று ஒரு பயம். போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால், இனி வரவில்லை மாமா என்று நீ சொல்ல நேரும். நின்றுகொண்டே இருந்தால் அதை நீ சொல்ல வேண்டியதில்லை.

நீ இரண்டு முறை தாகத்தைக் குறைத்தாய். நான் தாகத்துக்காக அங்கே நிற்கவில்லை. எனவே எவ்வளவு குறைத்தாலும் அந்த வட்டம் சிறுத்திருக்காது. உன் ஒரு வருட உழைப்பை என் அளவுகள் கெடுத்துவிட்டன. சரியாக அளப்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், அதிலும் இப்படி. தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. ஏழாம் எண்ணை நீக்கிவிடு.

இன்று மாலை கரையை விட்டு நகரப் பார்த்தேன். நீர் தொண்ணூற்று மூன்றுக்கு வந்ததும் திரும்பிவிட்டேன். பழக்கம்.

இப்படிக்கு,
ஏழாம் எண்


பிப்ரவரி 24

அன்புள்ள மாமா,

மறந்துவிட்டேன். சொன்னதையும் மறந்தேன், நீங்கள் நிற்பதையும் மறந்தேன். அன்றைக்குப் பிறகு அந்த விளையாட்டுக்குள்ளேயே நான் நுழையவில்லை. வெளியில் இருந்து எண்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போனால் அந்த மேடு இருக்கும், அந்தப் போன் நினைவு வரும். தாகத்துக்குப் பொறுப்பாளர் மூன்று மாதமாக ஆற்றுப் பக்கம் போகவில்லை. இதையும் தலைவரிடம் சொன்னேன்.

உங்கள் கடிதத்தைப் புள்ளியிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேலைவெட்டி இல்லாத ஆள் என்றவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இன்னொன்று. நீதிமன்றத்துத் தாள்களை மறுபடி எடுத்து முழுக்கப் படித்தேன், பதினோரு பக்கம். அவரைப் பற்றி இருக்கிறது, என்னைப் பற்றி இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியைப் பற்றிக்கூட இருக்கிறது. உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தையைப் பற்றியும் இல்லை. நன்றாகத் தேடிவிட்டேன்.

இப்போது வேலை. தாகத்தைப் பழைய வேகத்துக்கே திருப்பிவிட்டேன், நிமிடத்துக்கு இரண்டு. ஆற்று வளைவுக்கும் மறுபக்க ஏரிக்கும் நடுவில் வறண்ட சமவெளி. நடந்து கடக்க ஒரு மணி நேரம். சொட்டுத் தண்ணீர் கிடையாது. தழை இருக்கும், அங்கங்கே கிழங்கு இருக்கும். எதை எப்போது தின்பது என்று பார்த்து நடந்தால் மட்டுமே உயிரோடு சேர முடியும் என்பது என் கணக்கு. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீங்கள் அதைக் கடக்க வேண்டும். தலைவரும் புள்ளியும் பார்ப்பார்கள். கரையை விட்டு நகராத ஏழாம் எண்ணே கடந்துவிட்டால் தாகம் தப்பிக்கும். உங்களை விடப் பயந்த ஆட்டக்காரர் எங்களுக்கு எங்கே கிடைப்பார்?

நான் ஏரிக்கரையில் இருப்பேன். இந்த முறை காத்திருப்பது நான்.

அன்புடன்,
மருமகள்தான், வேறு யார்


மார்ச் 1

விளிக்கும் இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன். நேற்று நடந்தது உனக்குத் தெரியும், நீயும் அங்கிருந்தாய். இருந்தாலும் பதிவு முறைப்படி இருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு ஆற்றில் கடைசியாக ஒரு முறை குடித்துவிட்டு, கரை மரத்தில் ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு புறப்பட்டேன். வழியில் தின்னும்போதெல்லாம் அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கவ்விக்கொண்டேன். உன் அத்தை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மிருகம் செத்தாலும் நான் நாற்காலியில்தான் இருப்பேன் என்று தெரிந்திருந்தும் என் தோளை விடாமல் பிடித்திருந்தாள். கரை கண்ணுக்கு மறையும் இடத்தில் தாடை வந்தார். "என்ன தாத்தா, கெளம்பிட்டீங்களா! வாங்க, நானும் பின்னாடியே வர்றேன். பசிச்சா முன்கூட்டியே சொல்லிடறேன்" என்றார். கடைசி வரை வந்தார், சொல்லவில்லை.

முதல் இருபத்தைந்து நிமிடம் நான்கு முறை திரும்ப நினைத்தேன். பிறகு திரும்பினாலும் நீர் போதாது என்று கணக்கு காட்டியது. அதற்குப் பின் மனம் லேசாகிவிட்டது. பயப்படுகிறவனுக்கு வழி ஒன்றே இருப்பது ஒருவகையில் நிம்மதி.

நீ ஏரியில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாய். ஆனால் ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் எதிரே புழுதி தெரிந்தது. நீ எட்டு நிமிட தூரம் முன்னால் வந்துவிட்டாய், அதுவும் வாயில் ஒரு பழத்தோடு. என் நீர் அப்போது ஆறு. இன்னும் மூன்று நிமிடம்தான் உயிர். "மாமா! வாயில பழத்த வெச்சுக்கிட்டா சாகப் பாத்தீங்க? முழுங்க வேண்டியதுதானே!" என்று போனில் நீ போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். உண்மையில் எனக்கு அது தோன்றவே இல்லை. உனக்கென்று பறித்தது, அவ்வளவுதான். உன் நீர் எண்பத்து நான்கு, உனக்கு அது தேவையே இல்லை. இருந்தும் நீ அதைத் தின்றாய். உன்னுடையதை நான் தின்றேன், பன்னிரண்டு ஏறிப் பதினெட்டு ஆயிற்று. அது ஒன்பது நிமிடத்துக்குக் காணும். ஏரிக்கு எட்டு நிமிடம். தவித்த வாய்க்குத் தண்ணீர் என்று சொல்வார்கள், அளந்து பார்த்தது இதுவே முதல் முறை.

தாகம் இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டதையும், பழம் கவ்வும் வாயை எடுக்க வேண்டாம் என்று புள்ளி அடம்பிடித்ததையும் நீ சொன்னதிலிருந்து உன் அத்தை இரண்டு முறை சிரித்துவிட்டாள். பிறகு இதை எழுதச் சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "கொடை இங்கதான் இருக்குன்னு சொல்லுங்க. பார்சல்லலாம் அனுப்ப மாட்டேன். மழைக்கு முன்னாடி அவளே வந்து எடுத்துக்கட்டும். வர்றப்ப எளைச்சு கிளைச்சு வந்தா வாசல்லயே நிக்க வெச்சிடுவேன்."

அவனுக்கும் இதெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நல்லதுப்பா" என்றான். அந்தச் சொல்லில் வேறெதுவும் இல்லை, நல்லது மட்டும்தான் இருந்தது.

பதிவு கீழே.

அன்புடன்,
மாமா

பிப்ரவரி 28, சனிக்கிழமை. வானம் தெளிவு.
4.00 — நீர் 100. குறிப்பு: —
4.15 — தழை ஒன்று. நீர் 66. குறிப்பு: —
4.30 — கிழங்கு இரண்டு. நீர் 48. குறிப்பு: —
4.40 — தழை ஒன்று. நீர் 24. குறிப்பு: —
4.45 — கிழங்கு ஒன்று. நீர் 20. குறிப்பு: —
4.52 — நீர் 6. குறிப்பு: மருமகள் வந்தாள்.